பன்னிரண்டு திருமால்களும் ஒரு சான்றிதழும்

புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலையின் மேலமலையில், விஜயாலய சோழீச்சரத்துக்கு நேர் எதிரே பாறையைக் குடைந்தெடுத்த கோயில் ஒன்று உண்டு. ஊர்வழக்கில் அது சமணர் குடகு. 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு அதைப் பதினெண்பூமி விண்ணகரம் என்கிறது. உள்ளே மண்டபச் சுவர்களில் ஆளுயரத்துக்கும் மேலான திருமால் உருவங்கள் பன்னிரண்டு வரிசையாக நிற்கின்றன. பன்னிரண்டும் ஏறக்குறைய ஒன்றே. அதே நிலை, அதே நான்கு கைகள், அதே கிரீடம், தோளுக்கும் இடைக்கும் அதே அளவு. சிற்பம் பார்க்க வருபவருக்கு இது சலிப்பாகக்கூட இருக்கலாம். தொழில் தெரிந்த கண்ணுக்கு அப்படி இருக்காது. கருங்கல்லில் ஓர் உருவத்தைச் செதுக்க ஒருவரின் திறமை போதும். அதையே பன்னிரண்டு முறை, பிசகினால் மாற்றுக்கல் வைக்க வழியில்லாத மலையின் வயிற்றுக்குள் செதுக்க ஒரு பட்டறை வேண்டும். அளவு வைத்துச் சுவரில் கோடு போட ஒருவர், கோட்டுக்கு வெளியே இருக்கும் கல்லைத் தள்ளப் பலர், முகத்தையும் விரலையும் முடிக்கத் தேர்ந்த கைகள் ஒன்றிரண்டு என வேலையைப் பிரித்துக்கொள்ளாமல் பன்னிரண்டும் இப்படி ஒத்து வந்திருக்க முடியாது. இன்றைய அனிமேஷன் ஸ்டூடியோவில் ஒரு பாத்திரத்தின் மாடல் ஷீட்டை எல்லார் மேசையிலும் வைத்து, இருபது பேர் ஒரே மூக்கை வரையும் ஏற்பாட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

டிஜிட்டல் எஃபெக்ட்ஸ், அனிமேஷன் ஆகியவற்றைச் சமுதாயக் கல்லூரியில் பட்டயப் படிப்பாகப் படிக்கலாம் என்றால், முற்றிலும் புதிய ஒன்று வந்துவிட்டது போலத்தான் நம் ஊர்களில் பேச்சு எழுகிறது. கருவி புதிது, சந்தேகமில்லை. ஆனால் ‘படம் செய்யும் தொழிலை எங்கே போய்க் கற்பது?’ என்ற கேள்வி புதுக்கோட்டைச் சீமைக்கு ஆயிரம் ஆண்டுப் பழசு. அந்தக் கேள்விக்குக் காலந்தோறும் கிடைத்த பதில்களை அடுக்கிப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. இந்தத் தொழில் வளர்ந்த இடமெல்லாம் உண்மையான வேலை நடந்த இடம். வேலை நடந்த இடத்திலேயே பள்ளிக்கூடமும் இருந்தது. சமுதாயக் கல்லூரி என்ற ஏற்பாட்டின் அடிப்படையும் அதுவே. அதை மறந்து வெறும் வகுப்பறையாகச் சுருங்குகிற இடத்தில்தான் அது தோற்கிறது. என் வாதம் இவ்வளவே. இதற்கு நார்த்தாமலையிலிருந்தே சான்று தொடங்குகிறது.

நார்த்தாமலை எந்த அரசுக்கும் தலைநகராக இருந்ததில்லை. 9ஆம் நூற்றாண்டில் இங்கே ஆட்சி செலுத்தியவர்கள் பல்லவர்க்கும் பாண்டியர்க்கும் சோழர்க்கும் நடுவே சிக்கிய முத்தரையர் என்னும் சிறுதலைவர்கள். இதே மலையில் உள்ள பழியிலி ஈச்சரக் குடைவரையைக் குடைவித்தவன் சாத்தன் பழியிலி என்று பல்லவ மன்னன் நிருபதுங்கனின் 7ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு சொல்கிறது. அதற்கு முன்மண்டபம் எடுப்பித்தவள் அவன் மகள் பழியிலி சிறியநங்கை. வட்டக் கருவறையைச் சதுரச் சுவருக்குள் அடக்கிய விஜயாலய சோழீச்சரத்தைச் சாத்தன் பூதி கட்டினான். மழையும் இடியும் அதைச் சிதைத்தபோது மல்லன் விடுமன் புதுப்பித்தான். கட்டியவர் பெயர், புதுப்பித்தவர் பெயர், மகள் பெயர் எல்லாம் கல்லில் இருக்கின்றன. உளி பிடித்த ஒருவர் பெயர்கூட இந்தக் கல்வெட்டுகளில் இல்லை. பிறகு சோழர் காலத்தில் இதே ஊர் தெலிங்ககுலகாலபுரம் என்ற பெயரில் வணிகர்களின் நகரமாயிற்று. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் பெருவணிகக் குழுவின் பெயர் இங்குள்ள கல்வெட்டுகளில் வருகிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கான கருங்கல் இந்தப் பக்கத்து மலைகளிலிருந்தே போயிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆக, சிற்பிகள் இந்தக் கிராமத்துக்கு வந்ததற்குக் காரணம் கல்லும், கூலி கொடுக்க ஆளும் இங்கே இருந்ததுதான். வேலை வந்தது, வேலையோடு தொழிலும் வந்தது, தொழிலோடு கற்பவனும் வந்திருப்பான். தலைநகரில் இருந்தால்தான் கலை கற்க முடியும் என்பவர்களுக்கு இந்த மலையைத் தவிர வேறு மறுப்புத் தேவையில்லை.

கற்பித்தலைப் பற்றி இந்த வட்டாரம் எழுதி வைக்கவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அதே மாவட்டத்துக் குடுமியான்மலையில், குடைவரைக்குப் பக்கத்துப் பாறை முகத்தில், ஏழு பண்களுக்குரிய சுர அமைப்புகளைக் கிரந்த எழுத்தில் பத்தி பத்தியாக வெட்டி வைத்திருக்கிறார்கள். எழுத்தமைதியைக் கொண்டு அறிஞர்கள் அதை 7ஆம் நூற்றாண்டையொட்டி வைக்கிறார்கள். உருத்திராசாரியாரின் மாணாக்கனான ஓர் அரசன், மாணவர் நலனுக்காக இதைச் செய்ததாக அக்கல்வெட்டே முடிவில் சொல்கிறது. பாடத்திட்டத்தைப் பாறையில் வெட்டி வைத்த நாடு உலகில் அதிகம் இராது. இசைக்கு இது முடிந்தது. சுரத்தைக் குறியீடாக எழுதலாம்; எழுதியதைப் பிறகு ஒருவன் படித்துப் பாடலாம். உருவம் செய்வதற்கும் அளவு நூல்கள் இருந்தன. முகத்தின் நீளத்தை ஒரு தாலமாகக் கொண்டு உடலைப் பங்கிடும் தாலமானக் கணக்கு இன்றும் ஸ்தபதிகளின் அன்றாட மொழி. ஆனால் உத்தம தசதாலத்துக்கு 124 பங்கு என்று மனப்பாடம் செய்தவன் கையில் உளியைக் கொடுத்தால் திருமால் வந்துவிட மாட்டார். கல்லின் நரம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த அடிக்கு எவ்வளவு கல் தெறிக்கும் என்பதைப் பாறை முகத்தில் எழுதி வைக்க முடியாது. அதைப் பக்கத்தில் நின்று அடித்துத்தான் கற்க வேண்டும். குடுமியான்மலையில் பாடம் இருக்கிறது, நார்த்தாமலையில் பயிற்சி இருக்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்ட கல்வி எதுவும் இந்தத் தொழிலில் நின்றதில்லை.

வண்ணத்துக்கும் இதே கதைதான். சித்தன்னவாசல் ஓவியங்களை 1930களில் சென்னை அருங்காட்சியகத்து வேதியியலாளர் எஸ். பரமசிவன் ஆராய்ந்தார். பாறையின் மேல் கரடான சாந்து, அதன்மேல் மிக மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல் மஞ்சள் காவி, செங்காவி, கரி, சுண்ணாம்பு வெள்ளை போன்ற கனிம நிறங்கள் என்று அடுக்கடுக்காக அவர் பிரித்துக் காட்டினார். எந்த அடுக்கு எவ்வளவு காய்ந்தபின் அடுத்ததைப் பூச வேண்டும் என்பதில் பிசகினால் அங்குள்ள தாமரைக்குள ஓவியம் முழுவதும் ஒரே மழைக்காலத்தில் உதிர்ந்திருக்கும். கம்பாசிட்டிங் செய்பவர் இன்று கணினியில் லேயர் லேயராக அடுக்குவதும், எந்த லேயர் எதன் மேல் உட்காரும் என்று கணக்குப் பார்ப்பதும் இந்த வேலையின் பிள்ளை என்று நான் சொல்லப் போவதில்லை. அப்படிச் சொல்வது மேடைப் பேச்சுக்கே உதவும். எதற்காகச் சொல்கிறேன் என்றால், இரண்டுமே ஒருவர் செய்து முடித்ததன் மேல் இன்னொருவர் செய்கிற வேலைகள். முந்தையவர் என்ன செய்தார் என்பது தெரியாமல் அடுத்தவர் கை வைக்க முடியாது. அதனால்தான் தனியாக உட்கார்ந்து கற்பதற்கு இங்கே ஓர் எல்லை இருக்கிறது.

சினிமா வந்தபோது பழைய பதிலே திரும்ப வந்தது. தமிழகத்தின் முதல் கதைப்படத்தை எடுத்த ஆர். நடராஜ முதலியார் எந்தப் பள்ளியிலும் ஒளிப்பதிவு படிக்கவில்லை. ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் புனேயில் போய்க் கேமராவைப் பிடித்துக் கற்றார். அடுத்த தலைமுறையின் பெருஞ்சாதனை ஒன்று நேராகப் புதுக்கோட்டைக்காரர் மேல் வந்து நிற்கிறது. பி. யு. சின்னப்பா, 1916இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். பாய்ஸ் நாடகக் கம்பெனிகளில் வளர்ந்த நடிகர். அந்தக் கம்பெனிகளும் தங்கி, உண்டு, தினமும் மேடையேறிக் கற்ற பள்ளிக்கூடங்களே. 1940இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘உத்தம புத்திரன்’ படத்தில் அவர் இரட்டை வேடம் போட்டார். தமிழில் அதுவே முதல் இரட்டை வேடப் படம் என்பார்கள். 1944இல் பட்சிராஜா நிறுவனத்துக்காக எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு இயக்கிய ‘ஜகதலப்ரதாபன்’ படத்தில் ஒரு கச்சேரிக் காட்சி. பாடகரும் சின்னப்பாதான், பக்கவாத்தியக்காரர்களும் சின்னப்பாதான். ஒரே மேடையில் ஐந்து பேராக உட்கார்ந்திருக்கிறார்.

கணினி வர இன்னும் அரை நூற்றாண்டு இருந்த காலத்தில் இத்தகைய ட்ரிக் ஷாட்டை எப்படி எடுத்தார்கள் என்பதைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. கேமராவை அசையாமல் பூட்டி வைக்க வேண்டும். லென்ஸுக்கு முன்னால் கறுப்பு மாஸ்க் வைத்து ஃப்ரேமின் ஒரு பகுதியை மட்டும் திறந்துவிட்டு, அந்தப் பகுதியில் உட்கார்ந்த நடிகரைப் படம்பிடிக்க வேண்டும். பிறகு ஃபிலிமைத் துல்லியமாக எண்ணித் தொடக்கத்துக்குச் சுற்றி, மாஸ்கை நகர்த்தி, வேடம் மாற்றிய அதே நடிகரை அடுத்த பகுதியில் உட்கார வைத்து அதே நெகட்டிவ்வில் மறுபடி எடுக்க வேண்டும். ஐந்து உருவம் என்றால் அதே நெகட்டிவ் ஐந்து முறை கேமராவுக்குள் ஓடும். நான்கு முறை சரியாக வந்து ஐந்தாவதில் கேமரா ஒரு மயிரிழை ஆடினால் எல்லாம் குப்பை. விளக்கின் வெளிச்சம் கூடக்கூடாது, குறையக்கூடாது. ஏற்கெனவே பதிவான பாட்டின் தாளத்துக்கு ஒவ்வொரு முறையும் நடிகரின் கை விழ வேண்டும். அதோடு பாடகராக இருக்கும்போது, பக்கத்தில் வெற்றிடமாக இருக்கும் மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையாட்டவும் வேண்டும். பச்சைத் திரைக்கு முன்னால் இல்லாத பாம்பைப் பார்த்து நடுங்குகிற இன்றைய நடிகரின் சிரமத்தைச் சின்னப்பா அன்றே பட்டுவிட்டார். இதைச் சாதித்தவர்களில் பட்டம் பெற்றவர் எவ்வளவு பேர் என்று யாரும் கேட்டதில்லை. சேலத்திலும் கோயம்புத்தூரிலும் ஸ்டூடியோ இருந்தது. தளத்தில் கேமரா உதவியாளராகச் சேர்ந்து மாஸ்க் வெட்டிய பையன் சில ஆண்டுகளில் ஒளிப்பதிவாளரானான். இதில் சென்னை என்ற சொல்லே வரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

கல்லூரி என்பது இந்தத் தொழிலுக்குள் மெல்லத்தான் நுழைந்தது. 1945இல் சென்னை சென்ட்ரல் பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவுக்கும் ஒலிப்பதிவுக்கும் பட்டயப் படிப்பு தொடங்கியது. பின்னாளில் அடையாறு திரைப்படக் கல்லூரி என்று பெயர் பெற்று, இப்போது தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் நடப்பது அதன் தொடர்ச்சியே. அனிமேஷனும் விஷுவல் எஃபெக்ட்ஸும் இன்று அங்கே ஒரு பட்டப் படிப்பு. 1986இல் ‘ஊமை விழிகள்’ படத்தை எடுத்து, திரைப்படக் கல்லூரி மாணவர்களாலும் வணிகப் படம் எடுக்க முடியும் என்று காட்டியவர்கள் அங்கிருந்து வந்தவர்கள். அனிமேஷனுக்கு வேறு வழி. 1956இல் மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் தன் கார்ட்டூன் பிரிவுக்கு டிஸ்னியில் பணியாற்றிய கிளேர் வீக்ஸை வரவழைத்தது. சென்னையில் வேதியியல் படித்துக்கொண்டிருந்த ராம் மோகன் அதை விட்டுவிட்டு அவரிடம் போய்ச் சேர்ந்து, கடைசியில் இந்திய அனிமேஷனின் முன்னோடி என்று பெயர் பெற்றார். ஆசிரியர் வந்தது படம் எடுப்பதற்கு. படம் எடுக்கும்போதே பாடமும் நடந்தது. 1957இல் மாமல்லபுரத்தில் அரசு சிற்பப் பயிற்சி மையத்தைத் திறந்தபோது அதன் தலைமைக்கு வந்தவர்கள் பரம்பரை ஸ்தபதிகள்: முதலில் வைத்தியநாத ஸ்தபதி, பிறகு அவர் மகன் கணபதி ஸ்தபதி. வகுப்பு என்றால் அங்கே முற்றம். கரும்பலகைக்கு உள்ள மரியாதை கருங்கல்லுக்கும் இருந்தது. குடும்பத்துக்குள் இருந்த தொழில் கல்லூரிக்குள் போயும் உயிரோடு இருந்ததற்கு, உளியின் சத்தத்தை வெளியே நிறுத்திவிடாததுதான் காரணம்.

1990களில் கணினி வந்து எல்லாவற்றையும் கலைத்துப் போட்டது. 1994இல் ஷங்கரின் ‘காதலன்’ படத்தில் பிரபுதேவாவின் முகமும் கையும் காலும் மறைந்து உடுப்பு மட்டும் ஆடியது, அதற்காக எஸ். டி. வெங்கி சிறப்புக் காட்சிகளுக்கான தேசிய விருது பெற்றார். ‘இந்தியன்’, ‘ஜீன்ஸ்’ ஆகியவற்றுக்கும் அவருக்கே அந்த விருது. ‘ஜீன்ஸ்’ படத்தில் இரண்டு பிரசாந்தும் இரண்டு ஐஸ்வர்யா ராயும் வந்தது சின்னப்பா செய்ததன் மறு அவதாரம்தான். மாஸ்க் லென்ஸின் முன்னாலிருந்து மானிட்டருக்குள் போய்விட்டது, அவ்வளவே. 2000ஆம் ஆண்டில் சென்னையின் பென்டாமீடியா கிராஃபிக்ஸ் ‘பாண்டவாஸ்’ என்ற முழுநீள முப்பரிமாண அனிமேஷன் படத்தை வெளியிட்டது. ஊரெங்கும் அனிமேஷன் பயிற்சி நிலையங்களின் விளம்பரப் பலகைகள் முளைத்தன. இங்கேதான் பெரிய முறிவு. கற்பிக்கும் இடமும் செய்யும் இடமும் பெரிய அளவில் வெவ்வேறு நிறுவனங்களாயின. ஸ்டூடியோவில் சேர்ந்த பையனுக்குச் சம்பளம் குறைவாக இருந்தாலும் கொடுத்தார்கள். பயிற்சி நிலையத்தில் சேர்ந்தவர் கட்டணம் கட்டினார். ஒரு மென்பொருளின் பொத்தான்களைச் சொல்லித்தந்து, ஒரு ஷோரீலைக் கையில் கொடுத்து அனுப்பும் வணிகம் பிறந்தது. அதில் நன்றாகக் கற்றுத் தேறியவர்களும் உண்டு. ஆனால் கற்றவர் ஒரு ஷாட்டை இயக்குநர் மூன்று முறை திருப்பி அனுப்பும் அனுபவத்தைப் பார்க்காமலேயே சான்றிதழ் வாங்கிவிட முடிந்தது.

சமுதாயக் கல்லூரி இந்த முறிவுக்கு மருந்தாக யோசிக்கப்பட்டதல்ல. ஆனால் மருந்தாகக்கூடிய சரக்கு அதில் இருக்கிறது. 1901இல் அமெரிக்காவின் ஜோலியட் நகரில் தொடங்கிய இந்த ஏற்பாடு, 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் வழியாகவும் அடுத்த ஆண்டே சென்னை வழியாகவும் இங்கே கால் வைத்தது. பள்ளியோடு படிப்பை விட்டவர்களை, அவர்கள் ஊரிலேயே, அந்த ஊரில் நடக்கும் தொழிலோடு சேர்த்துப் படிக்க வைப்பது அதன் நோக்கம். சேவியர் அல்போன்ஸ் போன்ற இயேசு சபைக் கல்வியாளர்கள் அதைத் தமிழகத்தில் இயக்கமாகவே நடத்தினார்கள். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் பிறகு பல்கலைக்கழக மானியக் குழுவும் அதற்கு அங்கீகாரம் தந்தன. மானியக் குழுவின் திட்டப்படி ஆண்டுக்கு 60 கிரெடிட்டில் 36 திறன் பயிற்சிக்கு, 24 பொதுப்பாடத்துக்கு. திறன் பயிற்சி தொழில் நடக்கும் இடத்தோடு கூட்டுச்சேர்ந்து நடக்க வேண்டும் என்பதும் திட்டத்தின் உயிர்நாடி. குடுமியான்மலையும் நார்த்தாமலையும் ஒரே படிப்பில் சேருகிற கணக்கு இது. இதே வகைக் கல்லூரி எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குக் கனடாவில் சான்று இருக்கிறது. 1967இல் தொழிற்கல்லூரியாகத் தொடங்கி, டொராண்டோவுக்குப் பக்கத்து ஓக்வில்லில் இயங்கும் ஷெரிடன், அனிமேஷன் படிப்பால் உலகப் பெயர் பெற்றது. அதன் மாணவர்கள் டிஸ்னி வரை போனார்கள். பல்கலைக்கழகம் என்ற கிரீடம் இல்லாமலேயே இது நடந்தது.

இதற்கு எதிராகச் சொல்லத்தக்க வாதங்களில் மிக வலுவானது இது: வேலைக்களத்தில் கற்ற பழைய முறையைப் புகழ்கிறாயே, அது யாருக்குத் திறந்திருந்தது? பட்டறை சாதிக்குள் இருந்தது, குடும்பத்துக்குள் இருந்தது; ஸ்டூடியோவுக்குள் நுழையத் தெரிந்தவர் வேண்டும்; பெண்ணுக்கு இரண்டிலும் இடமில்லை. இதை மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. பழியிலி ஈச்சரத்தில் மண்டபம் எடுப்பித்தவள் ஒரு பெண் என்று கல் சொல்கிறது. அந்த மண்டபத்தைச் செதுக்கும் வேலையில் ஒரு பெண் சேர்ந்திருக்க முடியும் என்று எவரும் சொல்ல மாட்டார். விண்ணப்பப் படிவம் என்ற ஒன்று வந்த பிறகுதான் கூலிக்காரர் மகளும் இந்தத் தொழிலில் சேர்வது பேச்சாயிற்று. கல்லூரியின் முதல் நன்மை இதுவே. இதை விட்டுக்கொடுத்துவிட்டுப் பழைய பட்டறைக்குத் திரும்பு என்று சொல்பவன் நானல்ல. ஆனால் கதவைத் திறந்து உள்ளே அழைத்தபின் அங்கே வேலையில்லாத ஓர் அறையைக் காட்டினால் அது இன்னொரு வகை ஏமாற்று. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அது கூடுதல் கொடுமை. வசதி உள்ள வீட்டுப் பிள்ளை படிப்புக்கு வெளியே தொடர்பு தேடிக்கொள்வார்; மற்றவருக்குக் கல்லூரி ஏற்படுத்தித் தரும் தொடர்பைத் தவிர வேறில்லை. எனவே கதவு யாருக்காகத் திறந்ததோ அவர்களுக்காகவே வேலைக்களம் உள்ளே இருக்க வேண்டும்.

இன்னொரு கூட்டம் கேட்பது வேறு. எல்லா மென்பொருளுக்கும் யூடியூபில் பாடம் இருக்கும்போது கல்லூரியே எதற்கு என்பார்கள். செயற்கை நுண்ணறிவு ரோட்டோ வேலையைத் தானே செய்யும்போது மனிதர் எதற்கு என்பார்கள் சிலர். முதல் கேள்விக்குப் பதில் சித்தன்னவாசலில் சொல்லியாயிற்று: அடுக்கு வேலையைத் தனியாகக் கற்க எல்லை உண்டு. இரண்டாவது கேள்வி பொருட்படுத்த வேண்டியது. ஹாலிவுட் படங்களுக்காக இந்தியாவில் நடக்கும் வேலையில் பெரும்பங்கு ரோட்டோ, பெயிண்ட், மேட்ச்மூவ் போன்ற அடிமட்டப் பணிகள். ஒருவர் நாள் முழுதும் உட்கார்ந்து நடிகரின் முடியைச் சுற்றி ஃப்ரேம் ஃப்ரேமாகக் கோடு இழுப்பார். படத்தின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் வராமலும் போகும். சமணர் குடகைச் செதுக்கியவர்களுக்கு நேர்ந்ததே இவர்களுக்கும் நேர்கிறது. மேல்மட்டத்திலும் நிலை உறுதியில்லை. புதுச்சேரியில் கதை தொடங்கும் ‘லைஃப் ஆஃப் பை’ படத்துக்குப் புலி செய்து தந்த ரிதம் அண்ட் ஹ்யூஸ், 2013 பிப்ரவரியில் திவால் மனு போட்ட அதே மாதத்தில் ஆஸ்கரும் வாங்கியது. 2025 பிப்ரவரியில், விஷுவல் எஃபெக்ட்ஸ் ஸ்டூடியோக்களை நடத்திய டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூரில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். இந்த நிலையில் ஒரே ஒரு மென்பொருளையும் ஒரே ஒரு அடிமட்ட வேலையையும் சொல்லித்தரும் படிப்பு, மாணவரை முதலில் பலியாகும் வரிசையில் நிறுத்துகிறது. நிலைப்பது கண்: எடை எப்படி விழுகிறது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, துணி எங்கே மடியும் என்பது. அந்தக் கண்ணைத் தருவது முழு வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பார்த்த அனுபவம். ஒரு துண்டு வேலையை ஆயிரம் முறை செய்தால் அது வராது.

புதுக்கோட்டையில் ஸ்டூடியோ எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 9ஆம் நூற்றாண்டிலும் நார்த்தாமலையில் முதலில் வேலையை உண்டாக்க வேண்டியிருந்தது. 1930களில் சேலத்திலும் அப்படியே. மாவட்டத்துக் கல்லூரியின் வேலைக்களம் சினிமாவாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பள்ளிப் பாடங்களுக்கான அசைபடம், மருத்துவமனைக்கான விளக்கப் படம், அருங்காட்சியகத்துக்கான காட்சிப்பொருள் என்று அரசே கொடுக்கக்கூடிய வேலை ஏராளம். நார்த்தாமலையிலேயே ஒன்று காத்திருக்கிறது. விஜயாலய சோழீச்சரத்தின் அர்த்தமண்டபச் சுவரில் பிற்காலத்தில் சாந்து பூசித் தீட்டிய ஓவியங்களின் மிச்சம் இருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு மங்குகிறது. புதுக்கோட்டை சமஸ்தானம் தன் எல்லைக்குள் கிடைத்த கல்வெட்டுகளை 1929லேயே நூலாக அச்சிட்டது. சுவரின் நிறத்துக்கு அத்தகைய பதிவு தேவை. நூற்றுக்கணக்கான புகைப்படங்களை எடுத்து, கணினியில் இணைத்து, கோயிலின் முப்பரிமாண வடிவத்தை அங்குலம் பிசகாமல் உருவாக்குவது, உதிர்ந்த வண்ணத்தை ஊகித்து அதைத் தனி லேயராக வைப்பது, பன்னிரண்டு திருமால்களையும் அளந்து ஒப்பிட்டு எத்தனை கைகள் செதுக்கின என்று ஆராய்வது எல்லாம் பட்டயப் படிப்பு மாணவர்கள் செய்யக்கூடியவை. மாடலிங், லைட்டிங், கம்பாசிட்டிங் மூன்றும் அதில் வரும். வேலையைத் திருப்பி அனுப்பத் தொல்லியல் அறிஞர் ஒருவரும் இருப்பார். முடிவில் யார் யார் செய்தார்கள் என்ற பெயர்ப் பட்டியலையும் மறக்காமல் சேர்க்கலாம். மேலமலைக் கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. உள்ளே முக்காலி வைத்துப் படம் எடுக்க அவர்கள் அனுமதி வேண்டும். மாவட்டத்துக் கல்லூரி முதல்வர்களில் ஒருவராவது அந்த விண்ணப்பத்தை இந்தக் கல்வியாண்டிலேயே எழுதி அனுப்ப வேண்டும்.